பழைய ஸ்விஃப்டுக்குப் புது மாடல் பம்பர்: மாட்டலாமா, கிளெய்ம் கேட்கலாமா?

கொங்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

2012 ஜூலையில் பதிவான மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் கார். சில்வர் நிறம். வாங்கிய நாளிலிருந்து இவரிடமேதான் இருக்கிறது. பள்ளி வளாகத்தில் வண்டியைத் திருப்பும்போது கல்தூணில் உரசி, முன் பம்பரின் இடது மூலை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. மட்கார்டோடு பம்பர் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி. பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் பழைய மாடல் பம்பருக்கு 4,000, பெயிண்டுக்கு 4,000, கழற்றி மாட்ட 1,000 ரூபாய் என்று சொல்லிவிட்டு, "அதே செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் 2015 மாடல் பம்பரே மாட்டிவிடலாம், வண்டி புதுசு மாதிரி ஆயிரும். இன்சூரன்ஸுக்குப் பழைய பம்பர்னே பில் போட்டுக்கலாம், நான் பாத்துக்கறேன்" என்றாராம். உடன் வேலை பார்க்கும் ஆசிரியரோ 2018 ஸ்விஃப்ட் பம்பர்தான் அழகு, அதைச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளில் பாதி விலைக்கு வாங்கலாம் என்கிறார். பெயிண்டர் பிளாஸ்டிக் பிரைமர் தேவையில்லை என்கிறார். மாமனார், எந்த பம்பர் போட்டாலும் முன்னால் ஒரு இரும்பு கார்டு (இரும்புக் குழாய்த் தடுப்பு) போட்டால்தான் பாதுகாப்பு என்கிறார். முழுமையான பாலிசி இருக்கிறது. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 50 சதவீதம். அதைக் கழித்து ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பகுதிக்கு மட்டும் வருடம் 2,000 ரூபாய் அளவில் கட்டுகிறார். "பம்பர்தானே, நாலு ஸ்குரு விஷயம் என்று நினைத்தேன். ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புகிறார்கள். ஆர்டிஓ பிரச்சினை வருமா? எது சரி?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 மாடல் பம்பர் உங்கள் வண்டிக்குப் பொருந்தும். 2018 மாடல் பொருந்தாது. இரும்பு கார்டு கூடவே கூடாது. மாடல் மாற்றுவதாக இருந்தால் அந்தச் செலவை இன்சூரன்ஸோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால்தான் ஒர்க்‌ஷாப்பில் நின்று பேச முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த ஸ்விஃப்டின் பம்பர்?

எல்லா வண்டிக்கும் பெயர் ஸ்விஃப்ட்தான் என்றாலும் அவை ஒரே வண்டி அல்ல. இந்தியாவில் 2005இல் வந்தது முதல் தலைமுறை. 2011 ஆகஸ்டில் வந்தது இரண்டாவது; உங்களுடையது இதுதான். இந்த இரண்டாம் தலைமுறைக்கே 2014 அக்டோபரில் முகத்தை மட்டும் மாற்றினார்கள். உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் 2015 மாடல் என்று சொல்வது அதைத்தான். 2018 பிப்ரவரியில் வந்தது மூன்றாம் தலைமுறை, அடியிலிருந்தே வேறு வண்டி.

பம்பர் தனியாக நிற்கும் பொருள் அல்ல. மேலே பானட்டின் உதடு, இரு புறமும் மட்கார்டின் முனை, நடுவே ஹெட்லைட்டின் கீழ் விளிம்பு, உள்ளே அதைத் தாங்கும் சட்டமும் ஹோல்டர்களும் என இத்தனை விளிம்புகளோடு அது ஒட்டி உட்கார வேண்டும். 2014 மாற்றத்தில் பம்பரும் கிரில்லும் மாறின. மட்கார்டும் பானட்டும் ஹெட்லைட்டின் வெளி வடிவமும் மாறவில்லை. வண்டியின் நீளம் 3,850 மில்லிமீட்டர், அகலம் 1,695 மில்லிமீட்டர் என்பதும் அப்படியே இருந்தது. அதனால்தான் அந்த பம்பர் உங்கள் வண்டியில் வெட்டு ஒட்டு வேலை இல்லாமல் உட்காருகிறது.

2018 வண்டியின் அகலம் 1,735 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் இரு பக்கமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் பம்பர் வெளியே துருத்தும். ஹெட்லைட் வடிவம் வேறு, மட்கார்டு வளைவு வேறு, பிடிக்கும் இடங்கள் வேறு. "கொஞ்சம் வெட்டி, எல் பட்டை போட்டு வெல்டு வெச்சா நிக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. நிற்கத்தான் செய்யும், கொஞ்ச நாள். வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கும்போது அந்தப் பட்டைகள் இழுக்க, ஸ்குரு துளைகள் கிழியும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடியில் காற்று புகுந்தால் பம்பர் படபடக்கும். முழு முகத்தையும் மாற்ற வேண்டுமென்றால் மட்கார்டு, பானட், லைட், முன் சட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பணத்துக்கு வேறு உருப்படியான வேலை பார்க்கலாம். உடன் வேலை பார்க்கும் ஆசிரியரின் யோசனையை அன்போடு மறுத்துவிடுங்கள்.

கழற்றிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கிழிசல் அல்ல, மட்கார்டு ஓரத்தில் விழுந்த இடைவெளி. பம்பரின் பக்க முனையைப் பிடித்துக்கொள்ள மட்கார்டின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஹோல்டர் இருக்கும். மூலையில் அடி விழுந்தால் முதலில் உடைவது அதுதான். அந்த ஹோல்டரை மாற்றாமல் தங்கத்தில் பம்பர் செய்து மாட்டினாலும் இடைவெளி போகாது. புது பம்பர் போட்டும் வாய் பிளந்து நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்: விலை குறைந்த ஒரு ஹோல்டரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

எனவே எதையும் வாங்கும் முன் பம்பரைக் கழற்றச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. பானட்டைத் திறந்தால் மேல் விளிம்பில் வரிசையாகக் கிளிப்புகள் தெரியும். இரண்டு முன் சக்கரக் குழிகளிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கினால் மட்கார்டு முனையில் ஸ்குரு இருக்கும். அடியில் ஒரு வரிசை. இவை எல்லாம் கழன்ற பிறகு பக்க முனைகளைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால் ஹோல்டரிலிருந்து டக்கென்று விடுபடும். முன்னோக்கி இழுத்தால் பம்பரைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் காது முறியும். ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். மட்கார்டு விளிம்பில் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் பெயிண்ட் கீறாது.

கழற்றியதும் உள்ளே என்ன பார்க்க வேண்டும்? குறுக்காக ஒரு பீம் போகும்; வளைந்திருக்கிறதா என்று இரு முனையிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏசி கன்டன்சர் முன்னாலேயே நிற்பதால் அதன் ஓரம் நசுங்கியிருக்கலாம். ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் காது விண்டிருந்தால் விளக்கு கீழே தொங்கி, வெளிச்சம் தரையைப் பார்க்கும் அல்லது எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். இவை தெரியாமல் பம்பரைப் பற்றி மட்டும் பேசுவதில் அர்த்தமில்லை. இடித்ததற்கும் கழற்றியதற்குமான படங்களை உங்கள் போனிலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பம்பரையே சரிசெய்யலாம் என்று யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு சாண் கிழிசல், காது எதுவும் முழுசாகப் பிய்ந்து போகவில்லை என்றால் தாராளமாக முடியும். பம்பரின் உள்பக்கம் 'பிபி' என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். பாலிபுரோப்பிலீன் என்று பொருள். அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி உள்பக்கமாக வெல்டு வைத்து, வெளிப்பக்கம் பிளாஸ்டிக்குக்கான வளையும் பட்டி பார்த்தால் நன்றாக நிற்கும். பசை போட்டு ஒட்டுவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். இந்த பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. தகரத்துக்குப் பார்க்கும் பட்டியும் ஆகாது, பம்பர் சற்று நெளிந்தாலே அது வெடித்துவிடும். ஓட்ட நன்றாக இருந்து, அழகு பெரிய விஷயமில்லை என்றால், இதுவே சிக்கனமான வழி.

'பம்பர்' என்று கேட்டால் தோல் மட்டும்தான் வரும்

2015 மாடல்தான் வேண்டும் என்று மனம் இருந்தால் அதிலும் தப்பில்லை. ஆனால் கடையில் 'பம்பர்' என்று கேட்டால் கொடுப்பது வெறும் வெளித்தோல். அதோடு அதே மாடலின் மேல் கிரில், கீழ் வலை, இரு பக்க ஃபாக் லேம்ப் (பனி விளக்கு) மூடிகள், இழுவைக் கொக்கித் துளையின் சின்ன மூடி, நம்பர் பிளேட் தாங்கி, இடது வலது ஹோல்டர்கள், புதிய கிளிப்புகள் எல்லாம் வேண்டும். பன்னிரண்டு வயது தாண்டிய வண்டியில் பழைய கிளிப்புகள் காய்ந்து போயிருக்கும். கழற்றும்போதே பாதி உடையும். ஒரு டஜனாவது சேர்த்து வாங்கிவிடுங்கள். இந்தச் சில்லறைகளின் பட்டியலையும் விலையையும் எழுதி வாங்காமல் "இன்னும் கொஞ்சம் போட்டால்" என்ற வார்த்தையை நம்பி வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள்.

உங்கள் வண்டியில் ஃபாக் லேம்ப் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புது பம்பரில் அதற்கான குழி இருக்கும். குறைந்த வேரியண்டுகளுக்கு விளக்கு இல்லாத அடைத்த மூடி வருகிறது. அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பனியில் அதிகம் ஓட்டாத உங்களுக்கு என் யோசனை அதுதான். விளக்கும் வேண்டும் என்றால் முறையாகச் செய்ய வேண்டும். 55 வாட்ஸ் பல்பு இரண்டு போட்டால் 110 வாட்ஸ். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தனி ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ், இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி சுவிட்ச் என்று போடட்டும். பார்க்கிங் லைட் எரியும்போது மட்டும் வேலை செய்யும்படி ரிலேக்கு சிக்னல் எடுக்க வேண்டும். ஹெட்லைட் ஒயரைச் சீவி அதிலிருந்தே கரண்ட் எடுக்கும் குறுக்கு வழியை அனுமதிக்காதீர்கள். ஒயர் சூடாகி உறை உருகுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புதுப்பேட்டையைப் பற்றி. பழைய பாகம் வாங்குவது தவறல்ல, பழக்கப்பட்ட கண் வேண்டும். பம்பரைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும்; உள்ளே வெல்டு தழும்பு, ஒட்டுப் போட்ட காது, வெயிலில் வெளுத்த விரிசல் எல்லாம் தெரிந்துவிடும். இரு மூலைக் காதுகளும் முழுசாக இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். கடைப் பெயர் போட்ட பில் கட்டாயம் வாங்குங்கள். பாகம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேள்வி வந்தால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். "இதுவும் சில்வர்தான், பெயிண்டே வேண்டாம்" என்பார்கள். வேறொரு வண்டியில் வேறு வெயிலில் வெளுத்த சில்வர் உங்கள் சில்வரோடு சேராது. எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிப் பாகம் அல்லாத டூப்ளிகேட் புது பம்பரும் கிடைக்கிறது. மெல்லிசாக இருக்கும், துளைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். மாட்டிப் பார்த்து, சேராவிட்டால் திருப்பித் தரலாம் என்ற உறுதி கிடைத்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

புதுசோ பழசோ, பெயிண்ட் அடிக்கும் முன் ஒருமுறை வெறுமனே வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். கிரில், மூடிகள், ஹோல்டர்கள் எல்லாம் கோத்து, பானட்டை மூடி, இரு பக்க இடைவெளியும் ஒரே அளவாக இருக்கிறதா, ஹெட்லைட்டின் கீழ் விளிம்பு ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு பொருந்தவில்லை என்று தெரிந்தால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். பெயிண்டர் கூலியும் போச்சு. இந்த ஒரு படியைத் தாண்டிப் போக ஒர்க்‌ஷாப்காரர் அவசரப்படுத்தினால் நீங்கள் பிடிவாதமாக நில்லுங்கள்.

பெயிண்டர் சொன்னது தவறு

பிளாஸ்டிக் பிரைமர் தேவையில்லை என்பது தவறான பேச்சு. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எப்படி உருண்டு ஓடுகிறதோ, பாலிபுரோப்பிலீன் மேல் பெயிண்டும் அப்படித்தான். பிடிமானத்துக்கு நடுவில் அந்த பிரைமர் இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் அடித்தால் டெலிவரி எடுக்கும் நாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. சில மாதங்களில் ஒரு சின்னக் கல் தெறித்து, அந்தப் புள்ளியில் வாட்டர் சர்வீஸ்காரர் தண்ணீர் பீய்ச்சினால் பாம்புச் சட்டைபோல் உரிந்து வரும்.

சரியான வரிசை இது. புது பம்பரில் அச்சிலிருந்து எடுக்கத் தடவிய வழுவழுப்பு ஒட்டியிருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் போக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். பிறகு 400 முதல் 600 நம்பர் உப்புத்தாளால், மினுமினுப்பு எங்கும் மிஞ்சாதபடி மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். மீண்டும் துடைத்து, பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிய ஒரே படலமாக அடிக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் அதுவே உரியக் காரணமாகிவிடும். அதன் மேல் பரப்பைச் சமமாக்கும் சர்ஃபேசர், கலர் இரண்டு மூன்று கோட், கிளியர் இரண்டு கோட். ஏற்கெனவே பிரைமர் அடித்தே வந்த பம்பர் என்றால் அதை லேசாகத் தேய்த்துவிட்டு நேராகக் கலருக்குப் போகலாம். ஒருவேளை உங்கள் பெயிண்டர் அதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். வெறும் கறுப்பு பிளாஸ்டிக்காக வந்தால் அந்த விதிவிலக்கு பொருந்தாது.

சில்வர்தான் பெயிண்டர்களுக்குக் கடினமான நிறம். அதிலிருக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து ஒரே டப்பா பெயிண்டே ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் இருண்டும் தெரியும். பெயிண்டின் கலர் குறியீட்டு எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, மட்கார்டுக்குப் பக்கத்தில் நிழலிலும் வெயிலிலும் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மட்கார்டு பல வருட வெயில் பார்த்தது; மயிரிழை வித்தியாசம் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். கிரில்லையும் மூடிகளையும் கழற்றி, பம்பரைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, அது வண்டியில் நிற்கும் வளைவிலேயே அடிக்க வேண்டும். ஒரு இரவாவது காய்ந்த பிறகு மாட்டட்டும். ஒரு மாதத்துக்கு மெழுகு பாலிஷும் அழுத்தத் தண்ணீரும் வேண்டாம்.

ஆர்டிஓ பயம் எவ்வளவு நியாயம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இதைக் கேள்விப்பட்டுத்தான் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் 'மாற்றம்' என்றால் என்ன என்று 52ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது: வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும் அளவுக்கு அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். அதே கம்பெனி, அதே தலைமுறை வண்டிக்கென்று செய்த வெளித்தோலை, எதையும் வெட்டாமல் அதே துளைகளில் மாட்டுவது அந்த வரையறைக்குள் வராது என்பதே என் கருத்து. உங்கள் ஆர்சியில் இருக்கும் நிறம், எஞ்சின், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை எதுவும் மாறவில்லை. நிறத்தை மாற்றினால்தான் முன்கூட்டியே ஆர்டிஓவிடம் போக வேண்டும். 2018 பம்பருக்காகச் சட்டத்தை வெட்டி வெல்டு வைத்தால் கதை வேறு. இதே வாதத்தை அங்கே வைக்க முடியாது.

ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2012 ஜூலையில் பதிவான உங்கள் வண்டியின் பதிவுக்காலம் 15 வருடம், அதாவது 2027 ஜூலை வரை. புதுப்பிக்கும்போது வண்டியை ஆய்வாளர் நேரில் பார்ப்பார். துருத்தும் விளிம்பு, ஆடும் பம்பர், கோணலான விளக்கு, மறைந்த நம்பர் பிளேட் எல்லாம் அன்று கேள்வியாகும். புது பம்பரில் நம்பர் பிளேட்டுக்கான இடம் சற்று வேறு மாதிரி இருக்கும்; தாங்கியைச் சேர்த்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான். உயர் பாதுகாப்புத் தகடு என்றால் அதன் பூட்டு ஒருமுறை மட்டும் பூட்டுவது. உடைத்துக் கழற்றினால் அங்கீகரிக்கப்பட்டவரிடம் போய்த்தான் மீண்டும் பொருத்த வேண்டும். வீட்டு ஸ்குருவில் முடுக்கிவிடாதீர்கள்.

இரும்பு கார்டு

மாமனாரின் அக்கறை புரிகிறது. அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த கார்டுகள் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று சொல்லி, நடவடிக்கை எடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மோதும்போது வண்டியின் முன்பகுதி படிப்படியாக நசுங்கி வேகத்தை உள்வாங்க வேண்டும் என்றுதான் வடிவமைக்கிறார்கள். விறைப்பான இரும்புக் குழாயைச் சட்டத்தோடு முடுக்கினால் அந்த அடி நசுங்காத இரும்பு வழியாக நேராக உள்ளே இருப்பவர்களுக்குப் போகிறது. ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது விரியும் நேரமும் பிசகலாம். சாலையில் நடப்பவர் மீது பட்டால் வளையும் பிளாஸ்டிக்குக்கும் இரும்புக் குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கல்தூணில் பம்பர் கிழிந்தது அது பலவீனமானது என்பதற்கு அடையாளம் அல்ல. அந்தத் தோல் கிழிவதற்கென்றே இருக்கிறது. உயிரைக் காப்பது அதற்குப் பின்னால் இருக்கும் பீமும் சீட் பெல்ட்டும்தான்.

கிளெய்ம் கணக்கு

ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதில் எனக்கு மிகவும் கவலை தந்தது, மாடலை மாற்றிவிட்டுப் பழைய பம்பர் என்று பில் போடும் யோசனை. கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவரல்ல, நீங்கள். வாங்காத பாகத்துக்குப் பில் காட்டுவது பொய் ஆவணம். வேலை முடிந்த வண்டியை, இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மறுபடி பார்க்கும்போது முன்னால் வேறு பம்பர் நிற்கும். இந்தக் கிளெய்ம் நிராகரிக்கப்படுவதோடு, அடுத்து நியாயமாகவே வரும் பெரிய கிளெய்மிலும் உங்கள் வார்த்தையை நம்ப மாட்டார்கள். இன்சூரன்ஸ் கொடுப்பது இருந்ததை இருந்தபடி ஆக்கும் செலவை மட்டும்தான். மாடல் உயர்த்தும் செலவு உங்களுடையது.

நேர்மையாகவே பழைய மாடல் பம்பருக்குக் கிளெய்ம் கேட்டால் எவ்வளவு வரும்? உங்களுக்குச் சொன்ன விலையையே எடுத்துக்கொள்வோம், வரியை விட்டுவிடுகிறேன். பிளாஸ்டிக் பாகத்துக்கு வண்டியின் வயது எதுவானாலும் பாதி தேய்மானம் கழிப்பார்கள்: 4,000 ரூபாய் பம்பருக்கு 2,000. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்: 4,000 ரூபாயில் 500 போய் 3,500. கூலி 1,000 முழுசாக. மொத்தம் 6,500. அதிலிருந்து 1,500 சிசிக்கு உட்பட்ட வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 5,500 ரூபாய்.

இப்போது இழப்பைப் பாருங்கள். உங்கள் 50 சதவீத போனஸ் போய்விடும். போனஸ் இல்லாத ஓன் டேமேஜ் பிரீமியம் 4,000 என்று ஆகிறது. அடுத்த வருடம் முழு 4,000. அதற்கடுத்த வருடங்களில் போனஸ் 20, 25, 35, 45 என்று ஏறி 50ஐத் தொடும்வரை நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 2,000, 1,200, 1,000, 600, 200. கூட்டினால் 5,000. வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் சற்று இறங்கும், அதனால் இந்தத் தொகை கொஞ்சம் குறையலாம். அப்படியே வைத்தாலும் 5,500க்காக 5,000ஐ விட்டுக்கொடுக்கிறீர்கள். நடுவில் உண்மையிலேயே பெரிய அடி ஒன்று வந்தால் அதற்கு ஒரு கிளெய்ம் இருக்கட்டும். கழற்றிப் பார்க்கும்போது கன்டன்சரும் ஹெட்லைட்டும் பீமும் போயிருக்கிறது என்றால் மட்டும் கணக்கு மாறும். அப்போது வேலையை அங்கேயே நிறுத்தி, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த எதையும் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் கிளெய்மில் பழைய மாடல் பம்பரையே போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே எதுவும் கெடவில்லை என்றால் உங்கள் இடத்தில் நான் இரண்டில் ஒன்றைச் செய்வேன். சிக்கனம் வேண்டுமென்றால் பழைய பம்பரை வெல்டு வைத்து, ஹோல்டரை மாற்றி, முறையாகப் பெயிண்ட். ஆசை இருந்தால் 2015 மாடல் முழு செட், சொந்தப் பணத்தில், கிளெய்ம் இல்லாமல். இரண்டாவதைச் செய்தால் உண்மையான பில்லைப் பத்திரப்படுத்தி, பம்பர் மாற்றிய விவரத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலில் படத்தோடு எழுதிவிடுங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது வாங்குபவரிடமும் முகம் மட்டுமே 2015, வண்டி 2012 என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாளை ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் விலை பேசாமல், பம்பரைக் கழற்றி இடது ஹோல்டரைக் காட்டச் சொல்லுங்கள்.